கரிசல் காட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கோவில்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டியைச் சொல்வார்கள், ஹாக்கியைச் சொல்வார்கள், கடலைமிட்டாயைச் சொல்வார்கள். கடலையைச் சொல்பவர் உண்டே தவிர, கடலைச் சொல்பவர் எவரும் இல்லை. கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைகின்ற வானம் பார்த்த பூமி இது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கின்ற மழையை நம்பி ஆண்டு முழுவதும் காத்திருக்கும் ஊர். 'கடல் மாசுபடுதல்' என்று பேச்சுப் போட்டிக்குத் தலைப்புக் கொடுத்தால், நாம் ஏதோ அயல்நாட்டுச் செய்தியைப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்து, கைதட்டல் வாங்கி, மேடையை விட்டு இறங்கி விடுகிறோம். அது தூத்துக்குடிக்காரர்களின் கவலை, மீனவர்களின் கவலை என்றே நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி நினைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து, நமது ஊரும் சேர்ந்த தூத்துக்குடி மாவட்டத்தை உருவாக்கியது 1986ஆம் ஆண்டில். அதே 1986இல்தான் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்திற்கும் இடையே வரிசையாக அமைந்துள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் சுமார் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. நமது மாவட்டமும் அந்தப் பூங்காவும் ஒரே வயதுடையவை. ஆயினும் முண்டந்துறையில் புலி இருப்பதை அறிந்த நம்மில் எத்தனை பேருக்கு வேம்பாருக்கும் வைப்பாருக்கும் எதிரே கடலுக்குள் பவளத் தோட்டம் இருப்பது தெரியும்?

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் வைப்பாறு, சாத்தூரைக் கடந்து, விளாத்திகுளம் வழியாக வந்து மன்னார் வளைகுடாவில் சேருகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அது மணல்தான். மழைக்காலத்தில் மட்டும் அது ஆறு. கரிசல் காட்டில் பெய்கின்ற மழை ஓடைகளைப் பிடித்து, கண்மாய்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, வைப்பாற்றின் வழியாகவோ மற்றச் சிற்றாறுகளின் வழியாகவோ கடைசியில் அந்த ஒரே கடலுக்குத்தான் போகிறது. வேறு போக்கிடம் அதற்கு இல்லை. கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியும். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடிக்கும், அதிக மழை பெய்தால் மண்ணே கரைந்து தண்ணீரோடு போய்விடும். அந்த மண்ணோடு பருத்திக்கு அடித்த பூச்சி மருந்தும், வயலுக்கு இட்ட யூரியாவும், தெருவில் எறிந்த பாலித்தீன் பையும் சேர்ந்தே போகின்றன.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நமது மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. கோவில்பட்டியிலும் கொட்டித் தீர்த்தது. கண்மாய்கள் உடைந்தன. தூத்துக்குடி நகரம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு ஓடைக்கரைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சீமைக்கருவேல முள் ஒவ்வொன்றிலும் கிழிந்த பைகள், கொடியில் துணி காயப் போட்டதுபோல் ஆள் உயரத்திற்குத் தொங்கின. முள்ளில் மாட்டியது அவ்வளவு என்றால், மாட்டாமல் போனது எவ்வளவு என்று அன்று நாம் யாரும் கேட்கவில்லை. வெள்ள நிவாரணத்தைப் பற்றியும், தண்டவாளம் அரித்துப்போய் ரயில்கள் நின்றதைப் பற்றியும் பேசினோம். அவை பேச வேண்டியவைதாம். ஓடையில் இருந்த பல ஆண்டுக் குப்பை இரண்டு நாட்களில் எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துப் பேசியிருக்கலாம்.

இனி, அது போய்ச் சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். பவளம் என்றால் நகைக்கடையில் சிவப்பாக இருக்கும் மணி என்று நாம் நினைக்கிறோம். தூத்துக்குடிக் கடலில் இருப்பது பாறை கட்டும் பவளம். அது கல் அன்று, செடியும் அன்று, உயிருள்ள ஒரு சிறு பிராணி. கோடிக்கணக்கான அந்தப் பிராணிகள் கூடி, கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த வீடுகளே பவளப்பாறைகள். அந்தப் பிராணியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பிராணிக்கும் கொடுக்கிறது. பிராணி அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு, வாடகையைச் சாப்பாடாக வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. மன்னார் வளைகுடாவில் இத்தகைய பவளங்கள் 117 வகைகள் உள்ளதாக அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். பவளத்தையும் கடற்புல்லையும் அண்டி மீனும், இறாலும், சங்கும், கடற்குதிரையும், ஆமையும், கடற்பசுவும் வாழ்கின்றன. கடலுக்குள்ளே மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தொட்டில்.

இந்த ஏற்பாடு எவ்வளவு உறுதியானதோ அவ்வளவு மென்மையானது. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே நீர் தெளிவாக இருக்க வேண்டும். மண் கலங்கிய நீர் வந்தால் வெளிச்சம் குறையும். வண்டல் படிந்தால் பிராணிக்கு மூச்சு முட்டும். சாக்கடையும் உரமும் கலந்தால் வேறு பாசிகள் தழைத்துப் பவளத்தின்மேல் போர்வைபோல் மூடிவிடும். எல்லாவற்றையும்விட வெப்பம் அதற்குப் பெரும் பகை. வெப்ப மண்டலக் கடல் ஏற்கெனவே சூடானது. அங்கே வாழும் பவளம் தன்னால் தாங்கக்கூடிய சூட்டின் விளிம்பிலேயே காலம் தள்ளுகிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினி கிடந்து, சூடு தணியாவிட்டால் இறந்துவிடும். 2010இலும் 2016இலும் நமது மன்னார் வளைகுடாவில் இவ்வாறு நடந்தது. 2016இல் மட்டும் அங்கிருந்த பவளத்தில் சுமார் 16 விழுக்காடு அழிந்ததாகத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்தனர்.

இதில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உலகம் சூடாவதை நானும் நீங்களும் நாளைக்கே நிறுத்திவிட முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவருக்கு அழுக்குத் தண்ணீரைக் கொடுக்காமல் இருக்க முடியும் அல்லவா? தூய நீரில் இருக்கும் பவளம் வெளுத்தாலும் தேறி எழுவதற்கு வாய்ப்பு அதிகம். அழுக்கு நீரில் இருப்பதற்கு அந்த வாய்ப்புக் குறைவு. கடலில் கலக்கும் மாசை நாம் குறைப்பது அதற்கு மருந்து கொடுப்பதற்குச் சமம்.

நம்மவர் அந்தக் கடலுக்குச் செய்தது குப்பை போட்டது மட்டும் அன்று. பல்லாண்டுகளாகப் பவளப்பாறைகளையே வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்கும் பயன்படுத்தினார்கள். பவளப்பாறை கடல் அலைக்குக் குறுக்கே நிற்கும் சுவர். சுவரை இடித்தால் வீடு நிற்குமா? 21 தீவுகளில் தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் மூழ்கிவிட்டன. வான் தீவு 1969இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்தது. 2015இல் 2 ஹெக்டேர்கூட இல்லை. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சேர்த்த பிறகே வெட்டுவது அடங்கியது. 2015 முதல் வான் தீவைச் சுற்றி ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கி, கரையும் தீவை மீட்க அரசு முயன்றது. தீவும் சற்றே வளர்ந்தது. கடவுள் இலவசமாகக் கட்டித் தந்த சுவரை இடித்துவிட்டு, அரசாங்கப் பணத்தில் சிமென்ட் சுவர் கட்டியிருக்கிறோம்.

முத்துக்குளித்தலும் இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. கொற்கை முத்து என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மாசு ஒன்றே இதற்குக் காரணம் என்று சிலர் மேடையில் முழங்குவது நியாயமாகாது, காரணங்கள் பல. ஆனால் முத்துச் சிப்பிக்கும் தெளிந்த நீர்தான் வேண்டும் என்பது மட்டும் உறுதி.

நகரத்துச் சாக்கடை, தொழிற்சாலை, அனல் மின்நிலையம் ஆகியவற்றை நாம் எளிதாகக் குறை கூறிவிடுவோம். தூத்துக்குடியின் பக்கிள் ஓடை ஊர்க் கழிவைக் கொண்டுபோய்க் கடலில் சேர்ப்பது எல்லாரும் அறிந்ததே. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 1979இல் மின்சாரம் தரத் தொடங்கியது. இயந்திரத்தைக் குளிர்வித்த சுடுநீரும், நிலக்கரிச் சாம்பலும் அந்தக் கரையோரக் கடலைப் பாதித்ததை ஆராய்ச்சியாளர்கள் பலர் எழுதியுள்ளனர். குறை உண்மையே. ஆனால் அந்த மின்சாரம் தூத்துக்குடியில் மட்டுமா எரிந்தது? நாம் இரவில் கண் விழித்துப் படித்த விளக்கிலும் அதில் ஒரு பங்கு இருக்கும். கயத்தாறு பக்கம் சுற்றுகின்ற காற்றாலைகளைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம், இவை இன்னும் பெருகட்டும் என்று நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கடல் கெட்டால் நமக்கென்ன நட்டம் என்று கேட்கும் தோழிக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது நமது அடுப்பங்கரையில் இருக்கிறது. உப்பு! இந்தியாவில் குஜராத்திற்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களில். அந்த உப்பை ஆராய்ந்தவர்கள் அதில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் கண்டு 2020இல் வெளியிட்டனர். பை வெயிலில் நொறுங்கி, நொறுங்கியது துகளாகி, துகள் கடல்நீரில் கலந்து, அந்த நீர் பாத்தியில் பாய்ந்து உப்பாகிறது. அந்த உப்பு நமது குழம்பில் விழுகிறது. நமது ஓடையில் போன பை அறுபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு நமது வீட்டுக்கே திரும்பி வருகிறது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு அன்று.

கருவாடு விற்க எங்கள் தெருவுக்கு வரும் ஆச்சியிடம் ஒருமுறை இதைப் பற்றிக் கேட்டேன். "முன்ன மாதிரி இல்ல தாயி. வலைய இழுத்தா மீனுக்குச் சமமா பாலித்தீன் ஏறுதுன்னு சொல்லுதாவ. அத பொறுக்கிப் போடவே அர நாள் போயிருதாம்" என்றார்கள். அந்த அரை நாளுக்கு மீனவருக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

இப்போது நமது ஊர்த் தொழிலுக்கு வருகிறேன். இங்கே என் கருத்துக் கொஞ்சம் கலவையானது. நமது பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அதிலும் பெண்கள், தீப்பெட்டித் தொழிலை நம்பி இருக்கிறார்கள். நம்மோடு படிக்கும் தோழியர் பலரின் அம்மாக்கள் அங்கே வேலை செய்கிறார்கள். சில ஆண்டுகளாக மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் வந்து இந்தத் தொழிலை நலிவடையச் செய்தன. தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் பலமுறை முறையிட்டு, தமிழக முதலமைச்சரும் 2022இல் மத்திய அரசுக்கு எழுதி, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. அப்போது எல்லாரும் பேசியது கூலியையும் வியாபாரத்தையும் பற்றியே. கடலைப் பற்றி ஒருவரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. பசிபிக் பெருங்கடலின் நடுவே மிட்வே என்றொரு தீவு உள்ளது. அங்கே ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை குஞ்சு பொரிக்கிறது. தாய்ப்பறவை கடலில் மிதப்பதை உணவென்று எண்ணிக் கொத்திக்கொண்டு வந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது. இறந்த குஞ்சுகளின் வயிற்றில் பாட்டில் மூடிகளோடு இந்த லைட்டர்களும் முழுசாக இருந்திருக்கின்றன. தீக்குச்சியோ எரிந்தால் சாம்பல், எறிந்தால் மண். தீப்பெட்டித் தொழிலில் மருந்தும் மெழுகும் உண்டு, விபத்தும் உண்டு; அதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆயினும் கடலைக் கேட்டால் அது தீப்பெட்டிக்கே ஓட்டுப் போடும். நமது தொழிலுக்காக வாதாடுபவர்கள் இந்த நியாயத்தையும் சேர்த்துச் சொன்னால் அவர்கள் வாதம் இன்னும் வலுப்பெறும்.

தீப்பெட்டியை மெச்சியவள் கடலைமிட்டாயை விட்டுவிட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். 2020இல் நமது கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். முன்பெல்லாம் கடையில் கண்ணாடிப் பாட்டிலைத் திறந்து எண்ணிக் கொடுத்ததாக எங்கள் தாத்தா சொல்வார். இப்போது சின்னஞ்சிறு உறையில் வருகிறது. தின்பது ஒரு நிமிடம்; உறை இருப்பது பல ஆண்டு. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது; இந்தியா முழுமைக்கும் 2022 ஜூலையில் தடை வந்தது. ஆனால் பண்டம் அடைத்து வரும் உறைகள் தப்பித்துக்கொண்டன. உறை இல்லாவிட்டால் மிட்டாய் நமுத்துப்போகும், வெளியூருக்கு அனுப்ப முடியாது என்பார்கள். அது மெய்தான். வெளியூருக்குப் போவது உறையில் போகட்டும். உள்ளூரில், அதுவும் பள்ளிக்கூட வாசலில், ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கப்போகும் மிட்டாய்க்கு எதற்கு உறை? ஒரு தாளில் மடித்துக் கொடுத்தால் நாங்கள் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?

வயிற்றுப்பாட்டிற்கே வழியில்லாதவர்களிடம் கடலைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வலையில் பாலித்தீன் அள்ளும் மீனவரும் வயிற்றுப்பாட்டிற்காகத்தானே கடலுக்குப் போகிறார்? அவருடைய மகள் ஒருத்தி நம்மைப் போலவே ஏதோ ஒரு கன்னியர் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருப்பாள். ஒருவர் கஷ்டத்தைக் காட்டி மற்றவர் கஷ்டத்தை மறைக்கக் கூடாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் பவளப்பாறைகள் அழிவதையும் குறிப்பிட்டு வருந்தியிருக்கிறார். மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பகுதியை நாம் ஒருமுறை வாசிக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாக, நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்கான காரணம். பள்ளிகள்தோறும் 'கடற்கரைத் தூய்மைப் பணி' என்று மாணவரைப் பேருந்தில் ஏற்றிக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பெருகி வருகிறது. தொப்பியும் கையுறையும் போட்டு, படம் எடுத்து, குப்பை பொறுக்கி, அலையில் கால் நனைத்துத் திரும்புகிறார்கள். அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. எனக்கும் கடற்கரைக்குப் போக ஆசைதான். ஆனால் கரிசல் காட்டுப் பள்ளிக்கு அது பொருத்தமான வேலை அன்று. கடற்கரையில் நாம் பொறுக்குவது கடல் திருப்பிக் கொடுத்த கொஞ்சம். கடல் தன்னுள் வைத்துக்கொண்டதை யாராலும் பொறுக்க முடியாது. வீட்டுக் கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது போன்றது அது. பேருந்துக்குக் கொடுக்கும் டீசல் காசில், நமது ஊர் ஓடையிலேயே பத்து மடங்கு வேலை செய்யலாம்.

அதற்குக் காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஓடையைத் துப்புரவு செய்து பயனில்லை. குப்பை முன்னமே கிளம்பிப் போயிருக்கும். செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு முடிகிறது. ஓடையும் அப்போது காய்ந்து கிடக்கும். பொறுக்கியதை அங்கேயே குவித்துக் கொளுத்திவிட்டு வந்தால் அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. ஆகவே நகராட்சிக்கு முன்கூட்டியே எழுதி, வண்டி வரும் என்று உறுதி கிடைத்த பிறகே சாக்கைத் தூக்க வேண்டும். தீப்பெட்டி ஆலைகளில் காலிச் சாக்குகள் கேட்டால் கொடுப்பார்கள். முள் நிறைந்த இடம். செருப்பு போதாது, கெட்டியான ஷூ வேண்டும். பாம்பு இருக்கும் என்று அம்மாக்கள் பயப்படுவார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது நல்லது. எடுத்ததை எடை போட்டு அறிவிப்புப் பலகையில் எழுதினால் அடுத்த ஆண்டு கூடிற்றா, குறைந்ததா என்று தெரியும்.

அடுத்த செப்டம்பரில் எங்கள் வகுப்பில் யார் யார் இங்கே பதினொன்றாம் வகுப்பில் இருப்போம், யார் யார் வேறு பள்ளிக்குப் போயிருப்போம் என்று தெரியாது. ஆகவே ஒன்பதாம் வகுப்புத் தங்கையரிடம் இதை ஒப்படைக்கிறேன். தலைமையாசிரியை சிஸ்டரின் அனுமதியைப் பெற்றபின், காலாண்டு விடுமுறையின் முதல் சனிக்கிழமை, ரயில் பாதைக்கு அடியில் ஓடை போகும் பாலத்திலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் அதிகம் தேங்கியிருக்கிறது.